டியூப் மாட்டப் பவுடர் இல்லையா? சோள மாவை எடுங்கள்

மோட்டார் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, புது டியூபைக் கையில் எடுத்த பிறகுதான் பவுடர் டப்பா காலி என்று தெரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுனில் ஞாயிறு சாயங்காலம் மோட்டார் கடை திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அடுப்படிப் பக்கம் போங்கள்.

முதலில், பவுடர் எதற்கு? காற்று ஏறும்போது டியூப் டயருக்குள் வழுக்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார வேண்டும். பிடித்துக்கொண்டால் ஓரிடத்தில் மடியும், இன்னோரிடத்தில் அளவுக்கு மேல் இழுபடும். மடிந்த இடம் ஓட ஓட உராய்ந்து கிழிந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டிய பொடி காய்ந்ததாக, நைசாக, ரப்பரைக் கெடுக்காததாக இருந்தால் போதும்.

என் முதல் தேர்வு சோள மாவு. சூப்பைக் கெட்டியாக்கப் போடுவோமே, அந்த வெள்ளை மாவு. மரவள்ளி மாவும் அதே வேலையைச் செய்யும். குழந்தைப் பவுடர் இருந்தால் அட்டையைப் படியுங்கள். பலவற்றில் இப்போது உள்ளே இருப்பதே சோள மாவுதான். ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023இல் டால்க் (டியூபுக்கு வழக்கமாகப் போடும் பவுடரும் இதுதான்) கலந்த குழந்தைப் பவுடரை உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. அரிசி மாவு கொஞ்சம் கரகரப்பு, சலித்துப் போட்டால் அவசரத்துக்கு ஆகும். பாட்டி முகத்துக்குப் பூச வைத்திருக்கும் பெடாக் செஜுக் என்ற அரிசிப் பவுடர் உருண்டையை நன்றாக நுணுக்கினாலும் சரிதான், திட்டு வாங்கத் தயாராக இருந்தால்.

கோலமாவு மட்டும் வேண்டாம். கடையில் விற்பது பெரும்பாலும் கல் பொடி, டியூபுக்கு அது மணல்தாள் மாதிரி. திருநீறும் சாமி மேடையிலேயே இருக்கட்டும், சாம்பலிலும் கரகரப்பு உண்டு.

எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் கூடாது: சமையல் எண்ணெய், வேஸ்லின், கிரீஸ், என்ஜின் ஆயில். சுற்றிலும் பால்மரம் நின்றாலும், மோட்டார் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். காற்றைப் பிடித்து வைப்பதில் அது இயற்கை ரப்பரைவிடக் கெட்டிக்காரன். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிப் பலம் இழந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம்.

டயரின் உள்பக்கத்தைத் துணியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம். செம்பனை மட்டை முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி பங்சர். செம்மண், மணல், ஈரம் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். ரிம்மின் நடுவில் ஓடும் ரப்பர் பட்டை கம்பி முனைகளை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரில் 2.50-17 என்பது போல எழுதியிருக்கும். டியூப் டப்பாவில் அதே அளவு இருக்க வேண்டும்.

டியூபுக்கு உருண்டை வடிவம் வரும் அளவு மட்டும் காற்று ஊதுங்கள். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு மேசைக்கரண்டி மாவைப் போட்டு, டியூபையும் போட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்படிச் செய்தால் மூக்கில் மாவு ஏறாது. வெளியே எடுத்து உதறுங்கள். மெல்லிய பூச்சு இருந்தால் போதும், குவியல் வேண்டாம். பையில் மிஞ்சியதில் ஒரு சிட்டிகையை டயருக்குள் தடவலாம்.

வால்வை ரிம் துளையில் நுழைத்து, மரையை இரண்டு சுற்று மட்டும் விடுங்கள். டியூபைச் சுற்றிலும் முறுக்கில்லாமல் உள்ளே தள்ளுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கிக் கையாலும் முழங்காலாலும் அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஏறிய பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைத்தால் கடைசிப் பகுதி தளர்ந்து கொடுக்கும். வால்வுப் பக்கம் முடிக்கும்போது வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளிவிட்டு இழுங்கள், டியூப் விளிம்பில் மாட்டிக்கொள்ளாது. டயரை நெம்பும் கம்பியை ஆழமாக விடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே தொடாதீர்கள்.

விளிம்பு ஏறாமல் முரண்டு பிடித்தால் பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கலந்து தடவும் பழக்கம் உண்டு. நல்ல முறைதான், ஆனால் மாவு போட்டவர்கள் கவனிக்க: மாவும் தண்ணீரும் சேர்ந்தால் கஞ்சி. வழுக்க வேண்டியது ஒட்டும், நாளாக நாளாகப் பூசணமும் பிடிக்கும். பிழிந்த துணியால் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும் தொட்டுவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் டால்க்தான் மேல், தண்ணீர் பட்டாலும் அது கஞ்சியாகாது. அடைமழையில் தோட்டத்து மண் பாதையில் தினமும் ஓட்டுபவர், பவுடர் வாங்கும் வரை பொறுப்பது நல்லது.

இப்போது காற்று. பாதி ஏற்றி, முழுவதும் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். உள்ளே மடிப்பு ஏதும் இருந்தால் அந்த முதல் இறக்கத்தில்தான் நேராகும். டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றி ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். வால்வும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்யுங்கள். எவ்வளவு காற்று என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும்.

மறுநாள் காலை ஓட்டும் முன் காற்றை ஒருமுறை அளந்து பாருங்கள். பைக்குள் மிஞ்சிய மாவை மட்டும் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.