கார்பன் கணக்கில் எங்கே பிசகுகிறோம்?

பாரிஸ் ஒப்பந்தப்படி இந்தியா போன்ற நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் பசுமை இல்ல வாயுக் கணக்கை ஐ.நா.விடம் தர வேண்டும். முதல் அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர் 31. கணக்கு டெல்லியில் முடிந்தாலும், அதற்கான எண்கள் பிறப்பது காரைக்குடிப் பக்கத்துப் பட்டறையிலும் வயலிலும்தான். இங்கே பிசகினால் மேலே யாராலும் சரிசெய்ய முடியாது.

முதலில் இரட்டைக் கணக்கு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது வந்த கரியமில வாயு, நாட்டுக் கணக்கில் சிமெண்ட் ஆலையின் பக்கத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டது. பட்டறையிலும் அதை எழுதினால் ஒரே புகைக்கு இரண்டு பற்று.

பெரிய தவறு நெல்லில் நடக்கிறது. தண்ணீர் நிற்கும் வயல் மீத்தேன் விடும். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எப்போதும் நீர் நிற்கும் வயலுக்குரிய காரணியை, அதாவது அளவை வாயுவாக மாற்றும் பெருக்கு எண்ணை, கண்மாய்ப் பாசனத்துக்கும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் மழை தள்ளிப்போனால் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பலமுறை காய்ந்து நனையும் வயலில் மீத்தேன் ஏறக்குறைய பாதிதான். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிரும் பரப்பும் இருக்கும். எத்தனை தடவை காய்ந்தது என்பது இருக்காது. அதை மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

தெரியாத இடத்தில் சுழி போடாதீர்கள். 'இல்லை' வேறு, 'மதிப்பிடவில்லை' வேறு. அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு.

அப்புறம் ஆள் விஷயம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை அழைத்து அறிக்கையை முடிக்கிறோம். அவர் போனதும் அந்த எக்செல் கோப்பைப் படிக்க இங்கே ஆளில்லை. பர்மாவில் கடை வைத்த நகரத்தார், ஆளை முதலில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, அதன் பிறகே கடையை நடத்தும் மேலாளாக்கினார்கள். மேலாள் ஊர் திரும்பினாலும் அடுத்து வந்தவர் பேரேட்டைப் புரட்டிக் கணக்கைத் தொடர்ந்தார்.

நம் கார்பன் கணக்குக்கும் அப்படியொரு பேரேடு வேண்டும்; அதில் மூல அளவு இருக்க வேண்டும். 'டீசல் 100 லிட்டர்' என்று இருந்தால் ஏறத்தாழ 268 கிலோ கரியமில வாயு என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். வெறும் 268 மட்டும் இருந்தால், நாளை காரணி மாறும்போது பழைய ஆண்டுகளைத் திருத்த வழியே இல்லை.