மகிழம் விதை முளைத்த கதை

எங்கள் கோயில் வீதியில் மகிழமரம் நிற்கிறது. பூவைப் பொறுக்கி மாலை கட்டாத பிள்ளை இல்லை. பழத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எனக்கோ வளவில் ஒன்று வேண்டும் என்று ஆசை.

முதல் தடவை விதைகளைக் காயவைத்து, தகர டின்னில் போட்டு, மாசக்கணக்கில் கழித்து நட்டேன். ஒன்றும் வரவில்லை. ஓடு பளபளவென்று கல்லு மாதிரி. அடுத்த முறை பழம் விழுந்த அன்றே சதையைக் கழுவி, விதையின் ஓரத்தைக் கருங்கல்லில் லேசாக உரசி, ஒரு இரவு நீரில் ஊறவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் நட்டேன். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்தேன். இரண்டு மாசம் பொறுக்க வேண்டியிருந்தது. அம்மம்மா நக்கல் அடித்தபடிதான் இருந்தா. பத்தில் ஆறு முளைத்தன.

பழம் தின்பதிலும் அவசரம் கூடாது. மஞ்சளாக இருக்கும்போது கடித்தால் கயர் நாக்கைப் பிடிக்கும். செம்மஞ்சளாகி, விரலுக்கு நெகிழ்ந்த பிறகு மாப்போல இனிக்கும். ஐரோப்பாவின் மெட்லர் பழமும் இப்படித்தான், நன்றாகக் கனிந்து குழைந்த பிறகே தின்பார்கள். கன்று இப்போது முழங்கால் உயரம். பூக்க இன்னும் வருசங்கள் கிடக்கு.