மனநலம் பற்றிப் பேசும் கேப்ஸ்யூல்: விளம்பரம் எழுதும் முன் செய்ய வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் அஸ்வகந்தா கேப்ஸ்யூல் விற்கும் தம்பி ஒருவர், இன்ஸ்டாகிராமுக்குத் தயாரித்த படத்தைக் காட்டினார். "மனச்சோர்வா? 21 நாளில் விடுதலை!" ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைப் புரட்டுகிற ஒருவர் கண்ணில் இது பட்டால்? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை வாங்கினால்? எனக்கு அதுதான் கவலை. இருவரும் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திருத்தினோம். அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் புட்டியைத் திருப்பி லைசென்ஸைப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் அது உணவு. ஆயுர்வேத மருந்து லைசென்ஸ் என்றால் விதிகள் வேறு. உணவாக விற்கும் இப்படிப்பட்ட கேப்ஸ்யூல் என்றால் லேபிளில் 'ஹெல்த் சப்ளிமென்ட்' போன்ற வகைப் பெயரும், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்பதும் கட்டாயம்.

அடுத்து, சிவப்புப் பேனா. நோயின் பெயரையும், 'குணமாகும்', 'தீரும்', 'வராமல் தடுக்கும்' போன்ற வினைகளையும் அடியுங்கள். அதே ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் உணவுக்கு இவற்றை அனுமதிப்பதில்லை. 'டாக்டர்கள் பரிந்துரைப்பது' என்பதும் கூடாது. குணப்படுத்தும் என்று சொன்னால் பொருளை மருந்தாகவே முன்வைக்கிறீர்கள். அப்போது 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமும் குறுக்கே வரும். அதன் நோய்ப் பட்டியலில் மூளைக் கோளாறுகள், ஹிஸ்டீரியா, பைத்தியம் எல்லாம் இருக்கின்றன.

"அக்கா, அப்போ எதைத்தான் எழுதறது?" என்றார் தம்பி.

கையில் இருக்கும் ஆதாரத்தைத்தான். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் கொடுத்தது வேர் எக்ஸ்ட்ராக்ட், அதாவது வேரிலிருந்து பிரித்தெடுத்த சாறு, ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம். இவர் கேப்ஸ்யூலில் இருப்பதோ 250 மில்லிகிராம் சாதாரண வேர்ப் பொடி. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. அந்த முடிவை இதற்கு ஒட்ட முடியாது. செடியின் எந்தப் பாகம், எந்த வடிவம், எவ்வளவு, யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான்கையும் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால், ஆய்வு சொன்ன அளவுக்கு மட்டும் எழுதி, தாளைக் கோப்பில் வையுங்கள். இவருக்குப் பொருந்தவில்லை. அதனால் படத்தில் நின்றது ஒரே வரி: "ஒவ்வொரு கேப்ஸ்யூலிலும் 250 மில்லிகிராம் அஸ்வகந்தா வேர்ப் பொடி." அதுவே போதும் என்பேன்.

அப்புறம், "எனக்கு டிப்ரஷன் போயிடுச்சு அண்ணா" என்று வாடிக்கையாளர் அனுப்பிய மெசேஜ். அவர் மனதாரச் சொன்னதாகவே இருக்கட்டும். நீங்கள் எடுத்துப் பகிர்ந்தால் அது உங்கள் விளம்பரம். தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. காசு வாங்கிப் பேசும் இன்ஃப்ளூயன்சரும் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் ஒரு பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தம்பி வைத்திருப்பது இது: "இது மருந்து இல்லைங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. மனசு ரொம்பக் கஷ்டமா இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்."