பரணில் கிடக்கும் அரை சைக்கிளை மறுபடி ஓட வைக்க

வீட்டுப் பரணிலோ தாத்தா வீட்டுத் தொழுவத்திலோ பழைய சின்ன சைக்கிள் ஒன்று கிடக்கிறது, லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்யலாம் என்று தோன்றினால், முதலில் உப்புத்தாளையும் ஸ்பிரே பெயின்ட்டையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். என்ன வண்டி என்று தெரிவதற்கு முன்னாலேயே பளபளவென்று சிவப்பு அடித்துவிட்டால், எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று சொல்கிற அடையாளமெல்லாம் அதற்கடியில் போய்விடும்.

ஷாம்பு தண்ணியில் துணியை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் ஒரு தகட்டு முத்திரை இருக்கும். அதில் ஊர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது: அம்பத்தூர் என்றால் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், சோனிபட் என்றால் அட்லஸ், ஆசன்சால் என்றால் சென்-ராலே. லூதியானாவில் ஹீரோ, ஏவான் என்று நிறைய கம்பெனிகள் இருந்ததால் அங்கே ஊர் பெயர் மட்டும் போதாது. முத்திரை விழுந்துபோயிருந்தால் பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின் வீலைப் பாருங்கள். சிலவற்றில் பிஎஸ்ஏ என்ற பிராண்ட் எழுத்துகளையே வெட்டி வைத்திருப்பார்கள், ராலேயில் நாரைத் தலைகள் இருக்கும். ஆனால் செயின் வீல் மாற்றக்கூடிய சாமான், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அப்புறம் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடுகிற இடத்தின் (கடைக்காரர்கள் பிபி என்பார்கள்) அடிப்பக்கத்தையும் சீட் குழாயின் மேல்நுனியையும் மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத்பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தடவினால், குத்திய நம்பர் வெள்ளையாக எழும்பி வரும். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். அதே சமயம், அந்த நம்பரை மட்டும் பார்த்து வருஷத்தை அடித்துச் சொல்கிறவர்களை அவ்வளவாக நம்ப வேண்டாம். மட்கார்டில் கையால் எழுதிய எண்ணோ கடைப் பெயரோ மங்கலாகத் தெரிந்தால் அது மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடிய வண்டியாக இருக்கலாம், அதை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது, பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. பின் வீலைக் கழற்றிவிட்டு, வீல் மாட்டுகிற ஒரு பக்கத்துக் காடியில் நூலைக் கட்டி, முன்பக்கம் ஹேண்டில் தண்டு நுழையும் பிரேம் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்துக் காடியில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ, முன் வீலைப் பிடித்திருக்கும் கவையான போர்க்கின் கழுத்தில் விரிசல் தெரிந்தாலோ, அதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பெடல் மாட்டியிருக்கும் கையை, அதாவது கிராங்கை, அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்தான் பெரிய தலைவலி. நட்டை முழுசாக எடுக்காமல் பின்னின் நுனியோடு சமமாக வரும்வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே போடாகப் போட வேண்டும். சின்னச் சுத்தியலால் லொட்டு லொட்டென்று தட்டினால் நுனி மழுங்கி அப்படியே சிக்கிக்கொள்ளும். முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். புதுப் பின் வாங்கப் போகும்போது பழையதையும் கையில் கொண்டு போங்கள், தடிமனில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் சரியாக உட்காராது.

பால்ரஸ் குண்டுகளை எண்ணி எடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு தாம்பாளத்துக்கு மேலே வைத்துக் கழற்றினால் உருண்டு ஓடாது. பெரிய சைக்கிளில் பிபியில் பக்கத்துக்கு 11 கால் இஞ்ச் குண்டுகள் இருப்பது வழக்கம். சின்ன வண்டியில் மாறலாம், அதனால் எண்ணியதை எழுதி வையுங்கள். பழசையும் புதுசையும் கலக்காமல் மொத்தமாகப் புதுசு போட்டு கிரீஸ் வையுங்கள்.

துருப்பிடித்த நட்டு போல்ட்டுக்கு வீட்டுப் புளியே போதும். கெட்டியாகக் கரைத்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். குரோம் பூசிய ஹேண்டில்பாரைப் புளியில் ஊறப்போடாமல், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

டயர் வாங்கும்போது நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்: 20 x 1.75 என்பதும் 20 x 1 3/8 என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முதலாவது 406 மில்லிமீட்டர் ரிம்முக்கு, இரண்டாவது பெரும்பாலும் 451-க்கு. டயர் பக்கவாட்டில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். வீல் கோட்டம் எடுப்பதைக் கடையிலேயே கொடுத்துவிடலாம், அது பழகின கை செய்ய வேண்டிய வேலை.

பெயின்ட் பிடிப்பாக இருந்தால் கீறலோடு அப்படியே விட்டு மெழுகு பூசுங்கள், என் ஓட்டு அதற்குத்தான். அடித்தே ஆக வேண்டுமென்றால், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். வீட்டு பெயின்ட்டுக்கே நம் நாட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வாட்டர் பேப்பரை நனைத்து வெளியில் வைத்து நீங்கள் மட்டும் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்தெடுத்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

பிரேக் கட்டை கல்லாக இறுகிப்போயிருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். ஓட்ட ஆரம்பித்து ஒரு வாரம் ஆனதும் காட்டர் பின் நட்டை இன்னொரு தடவை முறுக்குங்கள், புதுப் பின் மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் உள்ளே இறங்கும்.