மூளைக்குப் பரவிய மெலனோமா: ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கும் காலில் காயமும் தழும்பும் புதிதல்ல. அதனாலேயே, உள்ளங்காலில் வளர்ந்த கறுப்புப் புண் ஒன்றை வெட்டியெடுத்து, பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய், என்று வந்திருந்தாலும், சில ஆண்டுகள் கழித்துத் தலைவலிக்கோ வலிப்புக்கோ ஸ்கேன் எடுக்கும்போது அதைச் சொல்லவேண்டும் என்று பலருக்கும் தோன்றுவதில்லை. மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன். மூளையில் வளையம்போல் ஒளிரும் கட்டியைப் பார்த்ததும் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் முதலில் நினைவுக்கு வருவது நம் நாட்டில் இயல்பு; அந்தப் பழைய பயாப்சி அறிக்கை கையில் இருந்தால், படத்தைப் பார்க்கும் மருத்துவரின் சந்தேகமே வேறு திசையில் போகும்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. ரத்தக்கசிவை விரைவாகக் காட்ட அது உதவும். ஆனால் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டிகளைக் கண்டுபிடிக்க, கட்டியைப் படத்தில் எடுத்துக்காட்டுவதற்காக ரத்தநாளத்தில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துடன் கூடிய எம்.ஆர்.ஐ. தேவை. பெட் ஸ்கேனும் இதற்கு ஈடாகாது. இயல்பான மூளையே குளுக்கோஸை மிகுதியாக இழுத்துக்கொள்வதால் சிறு கட்டிகள் அதில் மறைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யிலும் கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன் டி1 வகைப் படத்தை எடுக்காமல் விடக் கூடாது. மெலனின் நிறமியும் சில நாள் பழகிய ரத்தமும் அந்தப் படத்தில் தாமாகவே வெண்மையாகத் தெரியக்கூடியவை என்பதால், மருந்துக்குப் பின் எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு, அந்த வெண்மை மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே தடிமனில் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வெண்மை இல்லை என்பதற்காக மெலனோமா இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. நிறமியே இல்லாத மெலனோமாவும் உண்டு.

ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தால், அழுத்தத்தின்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. எளிதில் ரத்தம் கசியும் கட்டிகளில் மெலனோமாவும் ஒன்று. கசிந்த ரத்தமே கட்டியை மறைத்துவிடவும் கூடும். ஆகவே ரத்தம் கரைந்தபின், சில வாரங்கள் கழித்து மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பது அவசியம்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் கான்ட்ராஸ்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கதிர்வீச்சோ இம்யூனோதெரபியோ (உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) பெற்றபின் கட்டி பெரிதானதுபோலத் தெரிவது எப்போதும் நோய் வளர்ச்சியல்ல. சிகிச்சையால் வரும் வீக்கமாகவும் திசு அழிவாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய முந்தைய படங்கள் தேவை. ஆகவே ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் செல்பவர்கள், அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.