பேரிடருக்குப் பின் வெளியிலிருந்து வரும் உதவி: மலைத்தோட்டத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டபோதும், 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் உருக்குலைந்தபோதும், உதவ முன்வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. அந்த உதவி உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதில்தான் தவறுகள் நேர்கின்றன.

கேட்காத பொருளை அனுப்புவது முதல் தவறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழந்துணிகள் யாரும் தொடாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது காட்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையும் உதவி விமானங்களின் நெரிசலில் திணறியது. மண் சரிந்த மலைப்பாதையிலும் இதே நிலைதான். வேண்டாத பொருளை ஏற்றிவரும் ஒவ்வொரு லாரியும் ஆம்புலன்ஸின் வழியை அடைக்கிறது. மருந்து அனுப்புவோர், அது வந்துசேரும் நாளில் குறைந்தது ஓராண்டுப் பயன்பாட்டுக் காலம் மீதமிருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பொது விதியை மனத்தில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை, நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று நம்புவது ஆபத்தானது. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவரோ வெளிநாட்டு அமைப்போ அனுப்பும் தொகையை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெறாத ஊர்ச் சங்கம் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற அமைப்பும் அப்பணத்தை வேறோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாதபடி 2020 திருத்தம் தடுத்துவிட்டது.

இறந்தவர்களின் உடல்களால் தொற்றுநோய் பரவும் என்று அஞ்சி, அடையாளம் காணாமல் அவசரமாகப் புதைப்பதும் தவறு; பேரிடரில் இறந்தோரின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை. வயநாட்டில் அடையாளம் தெரியாதவர்களை மரபணு மாதிரி எடுத்து, எண்ணிட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். இறப்புச் சான்றும் இழப்பீடும் அந்த அடையாளத்தைத்தான் சார்ந்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மீட்சி என்பதை இடிந்த வீட்டின் கணக்காக மட்டும் பார்ப்பதே. லயம் கம்பெனிக்குச் சொந்தம். அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளிக்கு அங்கே பட்டாவும் இல்லை, தன் பெயரில் வீடும் இல்லை. உடைமையை மட்டும் எண்ணும் பட்டியலில், எல்லாவற்றையும் இழந்த அவர் எதையும் இழக்காதவராகவே தெரிவார். 2018 வெள்ளத்துக்குப் பின் ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் மாநில அரசுடன் சேர்ந்து செய்த தேவை மதிப்பீடு, மீட்சிக்குச் சுமார் 31,000 கோடி ரூபாய் வேண்டும் என்றது. இத்தகைய மதிப்பீட்டு முறை கட்டடச் சேதத்தைப் போலவே வருமான இழப்பையும் கணக்கில் எடுக்கிறது. ஆகவே கணக்கெடுக்க வருபவர்களிடம், வேலையின்றிப் போன நாட்களையும் நின்றுபோன கூலியையும் செத்துப்போன கறவை மாட்டையும் நாமே எடுத்துச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.

அதோடு, வாசித்துப் புரிந்துகொள்ளாமல் மலையாளப் படிவத்தில் கையெழுத்திடுவதையும் விட்டுவிட வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். இழப்பு விவரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து, நகலொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதிய வீடு ஒதுக்கப்படும்போதும், நிலம் யார் பெயரில் பதிவாகிறது, தோட்டத்துக்கும் பள்ளிக்கும் அங்கிருந்து எவ்வளவு தொலைவு, பேருந்து உண்டா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வராமல் ஒப்புதல் தரக் கூடாது.