பகல்–இரவு வெப்பநிலை வீச்சின் மாற்றத்தை ஆராயும் முறை

ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையிலிருந்து குறைந்தபட்ச வெப்பநிலையைக் கழித்தால் கிடைப்பதே அந்நாளின் வெப்பநிலை வீச்சு. கணக்கு எளிதுதான், ஆனால் பல பத்தாண்டுகளில் அது மாறிய விதத்தைச் சொல்ல வேண்டுமானால், எந்த எண்களை நம்புவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

குறைந்தது 30 ஆண்டுத் தரவு உள்ள வானிலை நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, இரு அளவுகளும் பதிவான நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்கவும். நிலையம் இடம் மாறியதா, அளவெடுக்கும் நேரம் மாறியதா என்பதையும் பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அளவு குறித்து வெப்பமானியை மீட்டமைத்தால், மறுநாளின் கணக்கு அந்நேரத்துச் சூட்டிலிருந்தே தொடங்குவதால், கடும் வெயிலடித்த அன்றைய மாலை வெப்பமே, குளிர்ந்த மறுநாளின் அதிகபட்சமாகவும் பதிவாகிவிடக்கூடும்.

அடுத்து, நிலையங்களைக் கோப்பன் வகைப்பாட்டின்படி (வெப்பநிலை, மழை அளவு ஆகியவற்றைக் கொண்டு தட்பவெப்பத்தை வகைப்படுத்தும் முறை) பிரிக்கவும். வறண்ட பாலைநிலத்தில் வீச்சு 15 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஈரமான கடலோரத்தில் அது பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு. ஆகவே இவற்றை நேரடியாகச் சராசரி எடுக்காமல், ஒவ்வொரு நிலையமும் தன் சொந்த நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே ஒப்பிட வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியமான படி: வீச்சின் போக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், பகல், இரவு இரண்டின் போக்கையும் தனித்தனியே கணக்கிடவும். பகல் 0.1, இரவு 0.3 டிகிரி உயர்ந்தாலும், பகல் 0.2 குறைந்து இரவு மாறாதிருந்தாலும், வீச்சு 0.2 குறைந்ததாகவே விடை வரும். முதலாவதில், மேகங்களும் நீராவியும் இரவில் வெப்பம் வெளியேறுவதைத் தடுத்திருக்கலாம். நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். இரண்டாவதில், காற்றில் மிதக்கும் மாசுத்துகள்களோ மண்ணின் ஈரமோ பகல் வெப்பத்தைக் குறைத்திருக்கலாம். மேற்கு ஐரோப்பாவில் 1980களுக்குப் பிறகு காற்று மாசு குறைந்து, தரையை எட்டும் சூரிய ஒளி கூடியதால், வீச்சு மீண்டும் விரிந்தது. குளிர்மண்டலங்களில் ஆண்டுச் சராசரி போதாது. பனி மூடிய மாதங்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதே நல்லது.

கடைசியாக, தொடக்க ஆண்டை மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கவும். 1950 முதல் 2004 வரை உலக நிலப்பரப்பில் பகல் வெப்பம் பத்தாண்டுக்குச் சுமார் 0.14 டிகிரியும் இரவு வெப்பம் சுமார் 0.20 டிகிரியும் உயர்ந்ததால் வீச்சு சுருங்கியது. அதே தரவை 1979இலிருந்து தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய சமமாக உயர்ந்திருப்பதால், சுருக்கம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எனவே எந்த முடிவையும் அதன் காலவரம்போடு சேர்த்தே எழுதவும்.